காவல்காரன் தூங்கினானா

எங்கள் பிளாக்கில் பகல் நேரத்தில் யாரும் சத்தம் போட மாட்டோம். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு ஆண் தூங்கிக்கொண்டிருப்பார். ராத்திரி ஷிப்ட் முடித்து, மைன்ஸ் பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, கண்ணை மூடிக்கொண்டே நாலு இட்லி தின்று, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்திருப்பார். அது வெளியே தெரிவதற்கு ஒரு அடையாளம் வைத்திருந்தோம். வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கியில் அவருடைய ஹெல்மெட்டை மாட்டிவிடுவோம். ஹெல்மெட் தொங்கினால் கீரைக்காரி அந்த வீட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டாள். பால்காரர் சைக்கிள் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு போவார். விளையாடுகிற பிள்ளைகள்கூட அந்த வாசலுக்கு முன்னால் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

நான் தெற்கே கரிசல் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள். எங்கள் ஊரில் பகலில் தூங்குகிற ஆம்பிளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். இங்கே தூங்குகிறவருக்காகத் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. வந்த புதிதில் எல்லாமே கனவுக்குள் நடப்பதுபோலத்தான் இருந்தது எனக்கு. அகலமான தெரு, ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வீட்டுக்கு வீடு பலாமரம், பதினொரு மணி வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லாத அமைதி. தூரத்தில் சுரங்கத்து மெஷின்களின் முனகல் மட்டும் பகலும் ராத்திரியும் ஓயாது. சில நாட்களில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது இது விடிகாலையா சாயங்காலமா என்று ஒரு நிமிஷம் தெரியாது. வீட்டுக்காரரின் ஷிப்ட் வாராவாரம் மாறும். அவரோடு சேர்ந்து என் பொழுதும் இடம் மாறும். அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன், நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு முந்திரி பொறுக்கியவர்கள். பல வருஷம் கான்ட்ராக்டில் மண் சுமந்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பர்மனென்ட் ஆனவர் அவர்தான். அந்த ஆர்டர் வந்த அன்று அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பிளாக் முழுக்கக் கேசரி கொடுத்தாளாம்; நான் வருவதற்கு முன்னால் நடந்தது, ஆனாலும் அந்தக் கேசரியின் ருசி எனக்கே தெரியும் என்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறாள். பேச ஆரம்பித்தால் மோட்டார் ஓடுகிற மாதிரி நிற்காமல் பேசுவாள். என்னை "தங்கச்சி" என்று கூப்பிடுவாள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தம் அவள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில், அண்ணன் காவலிருந்த கன்வேயர் பெல்ட் கிழிந்துவிட்டது. மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிற ரப்பர் பெல்ட் அது. கூரான கல் ஏதாவது வந்து சிக்கினால் பக்கத்திலேயே போகிற கயிற்றை இழுத்து உடனே நிறுத்த வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு மேல் ஒரு கல் சிக்கியது. கயிறு இழுபடவில்லை. எங்கள் தெரு நீளத்துக்குக் கிழிந்த பிறகுதான் அடுத்த முனையில் இருந்தவர்கள் பார்த்து நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டூட்டியில் தூங்கிவிட்டார் என்று சார்ஜ் ஷீட் கொடுத்து, என்கொயரி முடியும்வரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

"முழிச்சிகினுதான் இருந்தேன்" என்று அண்ணன் முதல் நாள் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மிச்சத்தையெல்லாம் அக்கா பேசினாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி முணுமுணுத்தாள் என்று, வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சூடத்தைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தி, "எங்க வூட்டுக்காரரு தூங்கல, தூங்கல, தூங்கல" என்று மூன்று தரம் சொல்லி அணைத்தாள். கையில் கொப்புளம் வந்தது. அதற்கு நான்தான் நாலு நாள் மருந்து போட்டேன்.

என் வீட்டுக்காரர் அன்று அதே ஷிப்டில்தான் இருந்தார். "நிஜமா அண்ணன் தூங்கினாரா?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நான் என்ன அவர் மூஞ்சியையா பாத்துக்கிட்டிருந்தேன்? நானே அந்த நேரத்துல..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா இன்னொரு காரியமும் செய்தாள். அண்ணனைப் பகலில் படுக்கவிடுவதில்லை. பகலில் தூங்குவதை யாராவது பார்த்தால் "இவன் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிறவன்தான்" என்று சொல்லிவிடுவார்களாம். அது என்கொயரி ஆபீசர் காதுவரை போய்விடுமாம். அதனால் முன் ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் பேப்பரைக் கொடுத்து அவரை உட்காரவைத்துவிடுவாள். கொக்கி காலியாகவே இருந்தது. ராத்திரியிலாவது தூங்கினாரா என்றால் அதுவும் இல்லை. பல வருஷ ஷிப்டுக்குப் பழகிய உடம்பு ராத்திரியில் கண்ணை மூடவிடவில்லை. மூன்று மாதத்தில் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது அவருக்கு. காலையில் நான் கோலம் போடும்போது ஜன்னலில் அந்த முகம் பேப்பருக்கு மேலே அசையாமல் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் ஒரு இந்தித் துப்பறியும் தொடர் ஆரம்பித்தது. பிளாக்கிலேயே டிவி இருந்தது மூலை வீட்டு போர்மேனிடம் மட்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பலாமரத்துக்கும் மேலே ஆன்டெனா தூக்கி நிறுத்தியிருந்தார். ஞாயிறு காலை அவர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் பாயில், ஆண்கள் வாசற்படியிலும் ஜன்னலிலும், பிள்ளைகள் யார் மடி கிடைக்கிறதோ அங்கே. இந்தி யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அது என் பெரியப்பா செய்த வேலை. பெண் பார்க்க வந்தபோது "பொண்ணு இந்தியில ரெண்டு பரீட்சை பாஸ் பண்ணியிருக்கு" என்று எடுத்து விட்டார். பாஸ் பண்ணியது உண்மைதான். கேள்வியையும் பதிலையும் மனப்பாடம் பண்ணி எழுதினேன். குழந்தை தூங்குகிறது, தோட்டக்காரன் தண்ணீர் ஊற்றுகிறான், இந்த அளவுதான் என் இந்தி. என் வீட்டுக்காரர் அதை நம்பி, பெருமையாகப் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் டிவியைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தபோது, தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வாய் கூசாமல் கதை விட ஆரம்பித்தேன்.

மலை ஊரில் ஒரு பெரிய பங்களா. பங்களாக்காரர் ஒரு ராத்திரி கொலை செய்யப்பட்டுக் கிடக்கிறார். டாக்டர், செத்தவருடைய அண்ணன் மகன், இரண்டாவது மனைவி, வாசலில் ஒரு காவல்காரன். குடையும் கையுமாக அலைகிற இன்ஸ்பெக்டர். இவ்வளவும் கண்ணாலேயே தெரிந்தது. மிச்சத்தை நான் நிரப்பினேன். யார் கண்ணைத் துடைத்தாலும் அவருக்கு ஒரு பழைய சோகத்தைக் கொடுத்தேன். டாக்டருக்கு ஒரு தங்கைகூட வைத்திருந்தேன். தொடரில் அப்படி யாருமே கிடையாது. ஷிப்டில் இருந்ததால் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு, பார்த்தவர்கள் ஷிப்ட் மாறும்போது சார்ஜ் ஒப்படைக்கிற மாதிரியே கதையை ஒப்படைத்தார்கள். என் புளுகு மைன்ஸ் பஸ்ஸில் ஏறிச் சுரங்கத்துக்குள் போய் மண்ணோடு மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரம் இன்ஸ்பெக்டர் காவல்காரனை உலுக்கி உலுக்கிக் கேட்டார். மீசை வைத்த ஏழை மனிதன். கையைக் கூப்பிக்கொண்டு என்னவோ சொன்னான். என் பக்கத்தில் அக்கா இருந்தாள், கை கொப்புளத்தோடு. அண்ணன் சஸ்பெண்ட் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. "என்ன சொல்றான் தங்கச்சி?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "ராத்திரி முழுக்க முழிச்சுத்தான் இருந்தேன், யாரும் உள்ளே போகலைன்னு சொல்றான்" என்றேன்.

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களுக்குக் கொலைகாரன் யார் என்பதுதான் கேள்வி. அவளுக்கு அந்தக் காவல்காரன் மேல் பழி நீங்குமா என்பது மட்டும்தான். "அவன் முழிச்சிகினு இருந்தான்னு கடைசியில தெரிஞ்சிடும் இல்ல?" என்று வாராவாரம் கேட்பாள். "தெரிஞ்சிடும்க்கா" என்பேன். வேறு என்ன சொல்ல? வாரம் போகப்போகப் பிளாக்கில் எல்லோருமே அந்தக் காவல்காரனைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி வாரம் வந்தது. அதற்கு அடுத்த வியாழக்கிழமை என்கொயரி. அந்த ஞாயிறு காலை அக்கா அண்ணனையும் கையோடு அழைத்து வந்துவிட்டாள். மூன்று மாதத்தில் அவர் வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேரோடு உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கதவோரமாக உட்கார்ந்தார். ஆண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரும் அன்று மத்தியான ஷிப்ட் என்பதால் கூடத்தில் இருந்தார், பெண்டாட்டி இந்தி பேசுகிற பெருமை முகத்தில் வழிய.

மார்கழிப் பனி அன்று ஒன்பது மணி தாண்டியும் விலகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பலாமரம் பாதிதான் தெரிந்தது. கூடத்துக்குள் டிவியின் வெளுத்த வெளிச்சம் எல்லார் முகத்திலும் அலைந்தது. எனக்கு என்னவோ நாங்கள் அத்தனை பேரும் ஒரே தூக்கத்துக்குள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

கோர்ட் காட்சி. பங்களாக்காரரின் அண்ணன் மகன்தான் கொலைகாரன் என்று கையில் விலங்கு மாட்டினார்கள். "நான் அப்பவே நெனச்சேன்" என்று ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு காவல்காரன் கூண்டில் ஏறினான். கூப்பிய கையை இறக்காமல் அழுதுகொண்டே பேசினான். அந்த ராத்திரியைத் திரும்பக் காட்டினார்கள். பங்களா வாசல், பனி, ஒரு ஸ்டூல், அதில் அவன். தாடை நெஞ்சில் விழுகிறது. திடுக்கென்று நிமிர்கிறது. மறுபடி விழுகிறது. ஒரு நிழல் அவனைத் தாண்டி உள்ளே போகிறது.

பதின்மூன்று வாரத்தில் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே வசனம் அவன் அப்போது சொன்னதுதான். தூக்கம் என்ற சொல் என் பரீட்சைப் பாடத்தில் இருந்தது. நான் தூங்கிவிட்டேன், பயத்தில் பொய் சொன்னேன் என்றான்.

"என்ன தங்கச்சி சொல்றான்?" அக்கா டிவியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள். கூடமே என்னைப் பார்த்தது. கதவோரத்தில் அண்ணன் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஊராக இருந்தால் கரண்ட் போய் என்னைக் காப்பாற்றியிருக்கும். ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கிற ஊரில் அதற்கும் வழியில்லை.

"டீயில யாரோ மருந்து கலந்து கொடுத்துட்டாங்களாம்" என்றேன். "அவன் மேல தப்பே இல்லையாம்."

"அதானே!" என்று தொடையில் தட்டினாள் அக்கா. கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. "பாவம்", "நல்லவன்தான்", "ஏழைன்னா இளக்காரம்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன், சத்தியமாக.

"டீயில ஒண்ணுமில்லைங்க."

அண்ணன்தான். மூன்று மாதமாகப் பேசாத குரல் கரகரத்தது. அவர் பார்வை இன்னும் டிவியில்தான் இருந்தது; அங்கே எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மருந்து சாப்ட்டவன் பொத்துனு சாய்ஞ்சிடுவான். இவன் தாடை உழுது, எழுந்திரிக்கிறான், திரும்ப உழுது. தூங்கக்கூடாது தூங்கக்கூடாதுன்னு நெனச்சிகினே தூங்குறவன் அப்படித்தான் தூங்குவான். அவன் தூங்கிட்டாங்க." டிவியிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தார். "நானும் அப்படித்தான் தூங்குனேன்."

போர்மேன் எழுந்துபோய் டிவியை அணைத்தார். திரும்பி வந்து, உட்காராமல் நின்றபடியே, "நாலு மணிக்கு மேல யாரையும் குத்தஞ் சொல்ல முடியாதுங்க. நானும் தூங்கியிருக்கறனுங்க. என்ற நல்ல நேரம், கல்லு வரலீங்க" என்றார். ஜன்னலில் இருந்த ஒருவர், தான் எழுதிக்கொண்டிருந்த நோட்டின் மேலேயே தூங்கி, எழுந்தபோது கன்னத்தில் மை ஒட்டியிருந்த கதையைச் சொன்னார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கு ராத்திரி நானும்தான் தூங்கினேன். நின்னுக்கிட்டே" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் முகத்தில்கூட ஒரு ஓரமாகச் சிரிப்பு வந்து போனது.

அக்கா சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்புளம் ஆறி, அந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. "சூடம் அணைச்சனே" என்றாள், யாரிடமும் சொல்லாமல். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள். அண்ணன் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பனிக்குள் இரண்டு பேரும் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அந்த வியாழக்கிழமை அவர் தூங்கியதை ஒத்துக்கொண்டு எழுதிக்கொடுத்தார். இன்கிரிமென்டை வெட்டினார்கள்; வேலை தப்பித்தது. ஆனால் அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் யாருக்கும் அது தெரியாது. வேலை போய்விட்டது, நானும் அதற்கு ஒரு கை கொடுத்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரரை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வீட்டுச் சுவரில் காதை வைத்தேன். வெட்கமில்லாமல்தான். சண்டை வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். பேச்சே இல்லை. பாத்திரச் சத்தம்கூட இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வெகு நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி, இழுத்து, விட்டு, இழுத்து. குறட்டை. பட்டப்பகலில், வெயில் வந்துவிட்ட மூன்று மணிக்கு.

வெளியே ஓடினேன். முன் ஜன்னலில் போர்வை கட்டியிருந்தது. நாற்காலி வாசலுக்கு வந்திருந்தது, அதில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவள் தலைக்கு மேலே கொக்கியில், மூன்று மாதத் தூசியைத் துடைத்து, ஹெல்மெட் தொங்கியது. மஞ்சள் நிறம் வெயிலில் பளிச்சென்று தெருக்கோடிவரை தெரிகிற மாதிரி இருந்தது.

பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"அவன் நெசமா இன்னா சொன்னான்?" என்றாள்.

இதற்கு மேலும் பொய் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "தூங்கிட்டேன்னுதான்க்கா சொன்னான். பயத்துல பொய் சொன்னேன்னான். எனக்கு இந்தியே தெரியாதுக்கா. டாக்டர் தங்கச்சி, மருந்து, எல்லாமே நானாச் சொன்னது. உனக்காகத்தான்..."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னையும் அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

அக்கா அந்தத் தழும்பு விழுந்த உள்ளங்கையை எடுத்து என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா பேசு தங்கச்சி. தூங்கறாரு."